உழைச்செல்வாரின் பளுவும் உரிமையும்

(கல்கத்தாவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளன்று இசையும் நாடகமும் கேட்க வந்திருக்கும் உங்கள்முன் நோயாளிப் பணியைப் பற்றிப் பேச நிற்பது சற்று வேறுபட்ட காரியந்தான். எனினும், வார்டுகளில் செவிலியாகவும் பின்னர்ப் பயிற்சி ஆசிரியையாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஒருத்தி, தான் அறிந்ததைத்தானே பேச முடியும்?

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பணிசெய்பவன் என்பன அந்நான்கு. இந்நான்காமவருக்கு அவர் தந்த பெயர் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் செல்பவர் என்பது பொருள். மருத்துவரை நாம் போற்றுகிறோம், மருந்துக்கு விலை கொடுக்கிறோம், நோயுற்றவருக்காக வருந்துகிறோம். பக்கத்தில் நிற்பவரை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இந்நகரில் அவரை ‘ஆயா மாசி’ என்று அழைக்கிறோம். கானிங் லோக்கலிலும் லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலிலும் விடியுமுன் ஏறி, சியால்டாப் பக்கம் வந்திறங்கி, மருத்துவமனைகளுக்கும் வீடுகளுக்கும் பிரிந்து செல்லும் பெண்களில் இவர்களும் உண்டு. ‘ஆயா சென்டர்’ என்னும் இடங்கள் இவர்களைப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் பகல் டியூட்டி, இரவு டியூட்டி என்று அனுப்புகின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாவால் நின்ற புறநகர் ரயில்கள் நவம்பரில்தான் மீண்டும் ஓடின. அந்த எட்டு மாதங்களில், இவர்கள் வராவிட்டால் நம் வீட்டுப் பெரியவர்களின் நிலை என்னவாகும் என்பதை இக்காலனியில் பல குடும்பங்கள் நேரில் கண்டன.

இனி, சொல்ல வந்த பொருளுக்கு வருகிறேன். ஒரே ஆயா, ஒரே கைத்திறன். ஆனால் வேலை செய்யும் இடம் மாறினால் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதை ஆராய்வதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க அறிஞர் இராபர்ட் கராசெக் 1979-ஆம் ஆண்டில், அமெரிக்கா, ஸ்வீடன் ஆகிய இரு நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய தகவல்களைக் கொண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். எந்த வேலையையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம் என்பதே அக்கருத்து. ஒன்று, அவ்வேலை மனிதனிடம் கேட்பது எவ்வளவு? இதனைப் பளு என்போம். மற்றொன்று, அவ்வேலையை எப்படி, எப்போது, எந்த முறையில் செய்வது என்று தீர்மானிக்கவும், தன் திறமையைப் பயன்படுத்தவும் அவனுக்குள்ள இடம் எவ்வளவு? இதனை உரிமை என்போம்.

பளுவும் மிகுதி, உரிமையும் மிகுதி எனில் மனிதன் கற்கிறான், வளர்கிறான். பளு குறைந்து உரிமை மிகுந்தால் வேலை இலகுவாகிறது. இரண்டும் குறைந்தால் திறமை துருப்பிடிக்கிறது. பளு மிகுந்து உரிமை குறைந்தாலோ உடலும் உள்ளமும் நைந்துபோகின்றன. 1988-ஆம் ஆண்டில் ஜான்சன், ஹால் என்னும் இருவர் இதனோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தனர். உடன் பணிபுரிவோரின் துணை என்பதே அது. தனிமையில் சுமக்கும் பளு இருமடங்கு கனக்கும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததுதான்.

இவை வெறும் ஏட்டுக் கருத்துகள் அல்ல. இலண்டன் மாநகரின் அரசு ஊழியர் 10,000-க்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து ஆராய்ந்த மைக்கேல் மார்மட் குழுவினர், தம் வேலையின்மீது உரிமை குறைந்தவர்களிடம் இதயநோய் மிகுதி என்று 1997-இல் எழுதினர். கட்டளைக்கு மட்டும் வாழும் வாழ்வு, நெஞ்சையே தாக்குகிறது என்று கொள்ளலாம்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு இடங்களுக்குச் சென்று பார்ப்போம்.

முதலாவது, பெரிய மருத்துவமனையின் பொது வார்டு. அங்கே பளு, எண்ணிக்கையால் வருகிறது. ஒரு கட்டிலில் பெட்பான் வைக்கும்போதே மற்றொரு கட்டிலில் வாந்தி. எக்ஸ்ரேக்கு ஒருவரை டிராலியில் தள்ள வேண்டும். டாக்டர் ரவுண்டு வருமுன் விரிப்புகள் மாற்றியாக வேண்டும். உரிமையோ மிகக் குறைவு. மணியும் சிஸ்டரும் ரவுண்டுமே வேலையின் வரிசையைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் அங்கே மூன்றாவது பொருளாகிய துணை உண்டு. கனமான நோயாளியைப் புரட்ட, கூப்பிட்ட குரலுக்கு இன்னொருத்தி ஓடி வருவாள். டியூட்டி முடியும் நேரம் என்று ஒன்றும் உண்டு. இந்நகரத்து அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் குடும்பமே கூலி கொடுத்து அமர்த்தும் ‘ஸ்பெஷல் ஆயா’வின் நிலையோ இன்னும் சிக்கலானது. கூலி கொடுப்பவர் ஒருவர், கட்டளையிடுபவர் வேறொருவர். ஒருவர் தண்ணீர் கொடு என்பார். மற்றவர் கொடுக்காதே என்பார். பழி மட்டும் அவள்மீது விழும்.

இரண்டாவது, சிறிய தனியார் நர்சிங் ஹோம். இங்கே படுக்கைகள் சில. ஆனால் கைகளும் சில. ஆகவே ஆயாவே கூட்டுவாள், குளிப்பாட்டுவாள், ஆளில்லாத இரவில் செவிலி செய்ய வேண்டியதையும் செய்யச் சொல்வார்கள். இதனால் சிலர் மிகுந்த திறமை பெறுவதுண்டு. ஆனால் அது உரிமையால் வந்த திறமை அன்று; மறுக்க இயலாமையால் வந்தது. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் தருவதை உரிமை என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, முதியோர் இல்லம். மருத்துவமனையில் நோயாளி வாரக்கணக்கில் இருப்பார். இங்கோ ஆண்டுக்கணக்கில் இருப்பார். எந்தத் தாத்தாவுக்கு எந்தக் கை நடுங்கும், எந்தப் பாட்டி மாலையானதும் மறதியால் அலைமோதுவாள் என்பதெல்லாம் பணிப்பெண்ணுக்குத் தெரியும். இந்த அறிவே பெரும் செல்வம். ஆனால், காலைத் தேநீருக்கு முன் இத்தனை பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை கட்டளையிடும்போது அச்செல்வம் பயன்படுவதில்லை. இங்கே இன்னொரு பளுவும் உண்டு. தாய்போல் பேணிய ஒருவர் மறைந்த அன்றே, அக்கட்டிலின் விரிப்பை மாற்றி அடுத்தவரை வரவேற்க வேண்டும். அழுவதற்கு அட்டவணையில் நேரம் இல்லை.

இதை மாற்ற முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் பில் தாமஸ் என்னும் மருத்துவரின் சிந்தனைப்படி, 2003-ஆம் ஆண்டில் மிஸிஸிப்பி மாநிலத்து டூபலோ நகரில் ‘கிரீன் ஹவுஸ்’ என்னும் சிறு இல்லங்கள் எழுந்தன. பத்துப் பன்னிரண்டு முதியோர் மட்டும் வாழும் வீடுகள் அவை. அங்கே பணியாளரே சமைத்து, பராமரித்து, அன்றைய வேலை வரிசையையும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றனர். அவர்களுக்கு ‘ஷாபாஸ்’ என்ற பாரசீகப் பெயரைச் சூட்டினர். அரச வல்லூறு என்பது அதன் பொருள். பளு அங்கே நீங்கிவிடவில்லை. அதைச் சுமக்கும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை, சுமப்பவரிடம் வந்தது.

நான்காவது இடம் நம் வீடு. அன்பர்களே! இங்குதான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிப் பார்வைக்கு வீட்டுப் பணி இலேசானது. ஒரே நோயாளி, மேலே மின்விசிறி, மேட்ரன் இல்லை. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வீட்டில் அவளுக்குத் துணைக்கு இன்னொருத்தி இல்லை. நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் கையால் தாங்கத்தக்க எடை ஏறத்தாழ 16 கிலோ வரைதான் என்று அமெரிக்கத் தொழில்நல வல்லுநர் வரையறுத்திருக்கின்றனர். 60 கிலோ எடையுள்ள ஒருவரைத் தனியே சக்கர நாற்காலிக்கு மாற்றும் பெண்ணின் இடுப்பு எத்தனை ஆண்டு தாங்கும்? இருபத்துநான்கு மணி நேரமும் தங்கியிருப்பவளுக்கு இரவு என்பது உறக்கம் அன்று. ஒரு கண் மூடிய காவல். கட்டளையிடுபவர்களோ பலர். மகன் ஒன்று சொல்வார், மருமகள் ஒன்று சொல்வார், பெங்களூரிலிருந்து தொலைபேசியில் மகள் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் இடையிடையே வந்து சேரும். நம்மவர் வீட்டில் மொழியும் ஒரு பளு. பாட்டிக்குத் தமிழன்றி வேறொன்றும் தெரியாது. ஆயாவுக்கு வங்காளமன்றி வேறொன்றும் தெரியாது. வலி என்று பாட்டி முனகுவதை அவள் என்னவென்று கொள்வாள்?

ஆனால் இதே வீட்டில்தான், வேறெங்கும் இல்லாத அளவு உரிமையும் கிடைக்கக்கூடும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு மூதாட்டி, நாள்தோறும் காலைக் குளியலின்போது கத்தி மறுப்பார். குடும்பத்தார் அதை நோயின் கோபம் என்று விட்டுவிட்டனர். அங்கே பணிசெய்த ஆயா, சில நாள் கவனித்தபின், விளக்கேற்றும் ஒலி கேட்கும்வரைதான் இந்த மறுப்பு என்று கண்டாள். பூஜைக்கு முன் அறைக்கதவை மூடிக் குளிப்பாட்டுவதால் தீபாராதனையைக் காண முடியாமற் போவதே அம்மூதாட்டியின் துயரம். குளியலைப் பூஜைக்குப் பின் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். வீட்டார் இசைந்தனர். மறுநாள் முதல் கத்தல் இல்லை. மருந்து மாறவில்லை, செலவும் ஏறவில்லை. ஒரு பணிப்பெண்ணுக்குக் கண்டதைச் சொல்லவும், சொன்னதைச் செய்யவும் இடம் கிடைத்தது, அவ்வளவே. கல்வியறிவு மிகுந்த வீடுகளிலும் இந்த இடம் மறுக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மருத்துவமனையில் உரிமையைத் தீர்மானிப்பது நிர்வாகம், இல்லத்தில் அட்டவணை, வீட்டிலோ நாமே. வீட்டில் அவளுடைய மேட்ரன் நாம்தான். இதை உணர்ந்து நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி அமைகிறேன்.

குடும்பத்தில் ஒருவரே கட்டளை சொல்லட்டும். மற்றவர் அவரிடம் சொல்லட்டும். எவை அவள் வேலை, எவை அல்ல என்பதை முதல் நாளே எழுதி, அவள் மொழியில் படித்துக் காட்டுங்கள். ஊசி போடுதல், உணவுக்குழாய் செலுத்துதல் போன்ற செவிலியின் பணிகளை அவள்மேல் ஏற்றாதீர்கள். புரட்டும்போதும் தூக்கும்போதும் வீட்டார் ஒருவர் மறுபக்கம் பிடியுங்கள். நோயாளியின் உடலுக்கு அடியில் மடித்த விரிப்பு ஒன்றை இட்டு, இழுக்காமல் இருவர் தூக்கி நகர்த்தினால் பளு குறையும், தோல் உரசுவதும் குறையும். உறங்க இடமும், தடையற்ற சில மணி நேர உறக்கமும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: அவள் காண்பதைக் கேளுங்கள். முதுகில் முதலில் தோன்றும் சிவப்பை, குறைந்துவரும் கவளத்தை, மாறிய மூச்சை முதலில் காண்பவள் அவளே. ஒரு குறிப்பேடு வைத்து அவள் சொல்வதை எழுதி, மருத்துவர் வரும்போது அவளையும் அருகில் நிறுத்துங்கள். படுக்கைப் புண் வந்தபின் டாக்டருக்குக் கொடுக்கும் பணத்தைவிட, வருமுன் அவள் சொல்லுக்குச் செவி கொடுப்பது சிக்கனமானது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தண்ணீர், வலி, பசி, குளிர், கழிவறை, மூச்சு, மயக்கம் என்பன போன்ற நாற்பது தமிழ்ச் சொற்களை வங்க எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, முதியோர் உள்ள வீடுகளுக்கெல்லாம் நம் மகளிர் குழு கொடுக்கட்டும். ஆயா விடுப்பு எடுக்கும் நாளில் சில மணி நேரம் வந்திருக்கக்கூடிய அண்டை வீட்டாரின் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். அப்பட்டியல் இருந்தால்தான் அவளுக்கு ஓய்வு நாள் என்பது உண்மையாகும். இல்லையேல் அது வாய்ச்சொல்.

சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் நாம். அவளும் தன் கிராமத்தை விட்டு, தன் பிள்ளைகளைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, நம் தாய் தந்தையரின் பக்கத்தில் நிற்க வருகிறாள். மருத்துவத்தின் கால் பங்கு அவள் என்று வள்ளுவர் வகுத்தார். அப்பங்குக்குரிய மதிப்பையும் உரிமையையும் நம் வீட்டிலிருந்தே கொடுக்கத் தொடங்குவோமாக.