பின்னால் வருபவருக்கு ஒரு சிவப்பு விளக்கு



பஞ்சாப் மாநிலத்தில் லூதியானா என்று ஒரு நகரம் இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் சைக்கிள்களில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது. ஹீரோ சைக்கிள் கம்பெனி 1956-ல் தொடங்கியதும் அந்த ஊரில்தான். பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி ஏராளமான சிறு பட்டறைகள் உண்டு. ஒரு பட்டறையில் பெடல் செய்வார்கள். இன்னொன்றில் மணி செய்வார்கள். வேறொன்றில் போக்ஸ் கம்பி செய்வார்கள்.

அங்கே வேலை செய்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பகல் ஷிப்டு உண்டு, இரவு ஷிப்டும் உண்டு. அவர்களில் பலர் வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் பஞ்சாபில் மூடுபனி இறங்கும். சில இரவுகளில் ஐம்பது அடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அந்தப் பனியில் அதே சாலையில் லாரியும் போகும், பஸ்ஸும் போகும், டிராக்டரும் போகும். அவற்றுக்கு முன்னால், ஓரமாக, கறுப்புப் போர்வை போர்த்திய ஒரு தொழிலாளி சைக்கிளில் போவார். அவர் சைக்கிளில் விளக்கு இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். லூதியானாவிலிருந்து வெளிநாடுகளுக்கும் சைக்கிள்கள் போகின்றன. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் இரவில் சைக்கிள் ஓட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். அது அங்கே சட்டம். சைக்கிள் செய்யும் கைகளோ இங்கே இருட்டில் வீடு திரும்புகின்றன.

இது லூதியானாவின் கதை மட்டும்தானா? இல்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 வீடுகளில் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. விடியும் முன்னே பால் கேனோடு புறப்படுபவருக்குச் சைக்கிள்தான். பேப்பர் போடும் பையனுக்கும், காய்கறி ஏற்றிப் போகும் அம்மாவுக்கும், இரவுக் காவலுக்குப் போகும் பெரியவருக்கும் அதுவேதான்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் சென்றவர்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குச் சோறு போட்டவராக இருக்கலாம். அல்லது பள்ளிக்கூடம் போன பிள்ளையாக இருக்கலாம்.

"பழகின பாதைதானே! கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருவேன். எனக்கு எதற்கு விளக்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

சரி. பாதை உங்களுக்குத் தெரியும். ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டாமா?

சைக்கிள் விளக்கின் முக்கியமான வேலை இதுதான். வழி காட்டுவது அதன் பாதி வேலை. "இங்கே ஒரு மனிதர் போகிறார்" என்று மற்றவருக்குச் சொல்வதே மீதி வேலை. பின் விளக்குக்கு அதுவே முழு வேலை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியென்றால் ஒரு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர். டிரைவர் ஒரு பொருளைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் லாரி 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. நல்ல சாலையிலேயே இன்னும் 20, 30 மீட்டர் போய்த்தான் நிற்கும். பாரம் ஏற்றிய லாரி என்றால் இன்னும் அதிகம். சாலை ஈரமாக இருந்தால் அதைவிடவும் அதிகம்.

ஆக, டிரைவர் உங்களைக் குறைந்தது 50 மீட்டருக்கு முன்பே பார்த்தாக வேண்டும். அது ஏறத்தாழ இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம். கறுப்புச் சட்டை போட்ட ஆள் இருட்டில் அவ்வளவு தூரத்தில் தெரிவாரா? தெரிய மாட்டார்.

இதற்கு இரண்டு துணை உண்டு. ஒன்று ரிஃப்ளெக்டர். மற்றொன்று விளக்கு.

ரிஃப்ளெக்டரைப் பார்த்திருப்பீர்கள். பின் மட்கார்டில் சிவப்பாக இருக்கும். பெடலில் மஞ்சளாக இருக்கும். அது தானாக ஒளி விடாது. அதன் உள்ளே சின்னச் சின்ன மூலைகள் இருக்கின்றன. அறையின் மூலையில் ஒரு பந்தை எறிந்தால், அது இரு சுவரிலும் பட்டு எறிந்தவரிடமே திரும்பி வரும் அல்லவா? ரிஃப்ளெக்டரும் அப்படித்தான். லாரியின் விளக்கொளி அதன் மேல் பட்டால், ஒளி லாரி டிரைவரின் பக்கமே திரும்பும். கண்ணாடி அப்படிச் செய்யாது. அது ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். சிலர் பழைய சி.டி. தட்டைக் கட்டிவைப்பார்கள். அதுவும் கண்ணாடி போலத்தான். அதை நம்பக் கூடாது.

பெடலில் உள்ள ரிஃப்ளெக்டர் காலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும், போவது சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். ஆகவே உடைந்த ரிஃப்ளெக்டரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். சேறு படிந்தால் அது வேலை செய்யாது.

ஆனால் ரிஃப்ளெக்டருக்கு ஒரு குறை உண்டு. பிறர் விளக்கு அதன் மேல் பட்டால்தான் மின்னும். மூடுபனியில் அந்த ஒளி சிதறிப்போய்ச் சரியாக வந்து சேராது. அதனால் சொந்த விளக்கும் வேண்டும்.

முன்பெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கு கட்டினார்கள். பிறகு டைனமோ வந்தது. டைனமோ நல்லதுதான், செல் தேவையில்லை. ஆனால் சக்கரம் நின்றால் பல சைக்கிள்களில் விளக்கும் அணைந்துவிடும். மிதிக்கவும் கனமாக இருக்கும். இப்போது எல்.இ.டி. விளக்கு எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை 1962-ல் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்ற விஞ்ஞானி செய்துகாட்டினார். அது மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும். அதன் ஒளியே சிவப்பு. வெள்ளை பல்புக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினால் ஒளியில் பெரும்பகுதி வீணாகும். இதில் அப்படி வீணாகாது.

கடையில் ஆயத்தமான பின் விளக்கும் கிடைக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். செய்ய விரும்புகிறவர்கள் வீட்டிலேயே செய்யலாம். தேவையான பொருள்கள் இவை: வெளிச்சம் அதிகமுள்ள சிவப்பு எல்.இ.டி. மூன்று, 47 ஓம் ரெசிஸ்டர் மூன்று, சிறிய டார்ச் செல் இரண்டு, செல் வைக்கும் பெட்டி ஒன்று, ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர், மாத்திரை வரும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பா உள்ளே இருப்பது தெரிகிறமாதிரி இருக்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் இவை கிடைக்கும். 47 ஓம் ரெசிஸ்டரில் மஞ்சள், ஊதா, கறுப்பு என்று வரிசையாகக் கோடுகள் இருக்கும்.

எல்.இ.டி.க்கு இரண்டு கால்கள். நீளமான கால் பிளஸ், குட்டையான கால் மைனஸ். ஒவ்வொரு எல்.இ.டி.யின் நீளக் காலிலும் ஒரு ரெசிஸ்டரைச் சேருங்கள். ரெசிஸ்டர்களின் மறுமுனை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சுவிட்ச் வழியாகச் செல்லின் பிளஸ் பக்கம் கொண்டுபோங்கள். குட்டைக் கால்கள் மூன்றையும் சேர்த்து மைனஸ் பக்கம் கொண்டுபோங்கள். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லது. சைக்கிள் குலுங்கும்போது முறுக்கிய ஒயர் கழன்றுவிடும். பற்றவைக்கத் தெரியாவிட்டால் ரேடியோ மெக்கானிக்கிடம் கேளுங்கள். அவருக்கு அது பத்து நிமிட வேலை. எரியவில்லையென்றால் கால்கள் மாறியிருக்கலாம். திருப்பி இணைத்துப் பாருங்கள்.

ரெசிஸ்டர் எதற்கு? எல்.இ.டி.க்குள் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது கருகிவிடும். ரெசிஸ்டர் அதைத் தடுக்கும். ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். செலவை மிச்சப்படுத்த நினைத்துப் பழைய செல்போன் பேட்டரியையும் இணைக்காதீர்கள். ஒயர் ஒன்றோடொன்று பட்டால் அது தீப்பிடிக்கும். வீட்டு கரண்டில் இதை ஒருபோதும் சொருகாதீர்கள்.

எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், மழைத் தண்ணீர் இறங்காது. எல்.இ.டி. மூன்றும் நேர் பின்பக்கம் பார்க்க வேண்டும். பழைய டியூபை நாடாவாக வெட்டி, டப்பாவைக் கேரியரின் பின்முனையில் இறுக்கிக் கட்டுங்கள். சீட்டுக்கு அடியில் கட்டினால் மூட்டை மறைத்துவிடும். பால் கேன் மறைத்துவிடும். புடவைத் தலைப்பும் மறைக்கும். கட்டிய பிறகு சுமையை ஏற்றி, சைக்கிளை நிறுத்திவிட்டு, 50 மீட்டர் பின்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். அங்கிருந்து தெரிந்தால் சரி.

முன்பக்கம் வெள்ளை ஒளிதான் வேண்டும். ஒரு டார்ச் லைட்டை ஹேண்டில்பாரில் கட்டினால் போதும். சற்றுக் கீழே பார்க்குமாறு கட்டுங்கள், எதிரே வருபவரின் கண் கூசாது. சிவப்பை முன்னால் கட்டக் கூடாது. சிவப்பைப் பார்த்தால், வண்டி தனக்கு முன்னே அதே திசையில் போகிறது என்றுதான் எந்த டிரைவரும் நினைப்பார். எதிரே வருவது அவருக்குப் புரியாது.

விளக்கு கட்டியவுடன் எல்லா ஆபத்தும் போய்விடாது. தெருவிளக்கு எரிய வேண்டியது ஊராட்சியின், நகராட்சியின் பொறுப்பு. பனியில் வேகத்தைக் குறைக்க வேண்டியது லாரி ஓட்டுபவரின் பொறுப்பு. அவற்றைக் கேட்டு வாங்கும் உரிமை சைக்கிள்காரருக்கும் உண்டு. மனு எழுதக் கற்றுக்கொண்டவர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பதில் வருகிறவரை இன்றைய இரவும் நாளைய இரவும் வீடு திரும்பியாக வேண்டுமே!

ஆகவே இதைத் தனியாகச் செய்யாமல் கூட்டாகச் செய்யுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் மொத்தமாக வாங்கலாம், விலை குறையும். ஒருவர் பற்றவைக்கக் கற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குச் சொல்லித் தரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். பத்துச் சைக்கிளுக்கும் விளக்கு ஏறிவிடும். விடியற்காலையில் பேப்பர் போடும் பையனின் சைக்கிளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவன்தான் தினமும் இருட்டில் கிளம்புகிறான்.