ரத்தம் கொடுத்த தோழருக்கு ஒரு போன் வந்தால்...

(மருத்துவ அணியின் மாவட்டக் கலந்தாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் பிறந்தநாள்னா நாம ரத்ததான முகாம் நடத்துறோம். வரிசையில நின்னு ரத்தம் கொடுக்குறோம், போட்டோ போடுறோம். பெருமைதான். அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு யோசிச்சிருக்கோமா? அந்த ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து நோய்களுக்கும் பரிசோதித்த பிறகுதான் இன்னொருவருக்கு ஏற்றுகிறார்கள். சில நாள் கழிச்சு ஒருத்தருக்கு போன் வருது: "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க." போன் வந்தவர் வீட்டில்கூட சொல்லாமல் மறைத்துவிடுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருந்து கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயில் கொண்டுபோய் விடும். சில பேருக்குக் கல்லீரல் சுருங்காமலேயே புற்றுநோய் வந்துவிடும். கூடவே எச்.ஐ.வி.யும் இருந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பதால் இந்த வைரஸின் வேகம் இன்னும் கூடும். இரண்டும் பரவும் வழி ஒன்றுதான்: ரத்தம், பாதுகாப்பில்லாத உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எச்.ஐ.வி. உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறது.

பயமுறுத்த இதைச் சொல்லலை. வழி இருக்கு. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் மூன்று மருந்துகள் உண்டு: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர். முதல் இரண்டும் இந்த ரெண்டு வைரஸையும் அடக்கும். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் அடங்கியே இருந்தால் புற்றுநோய் அபாயம் குறையும். ஆனா "உடம்பு நல்லாயிருக்கே"ன்னு இஷ்டத்துக்கு மாத்திரையை நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் திரும்ப எழுந்து கல்லீரலைச் சிதைக்கும். உயிருக்கே ஆபத்து. மாத்திரையை மாற்றச் சொன்னாலும், "எனக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கு"ன்னு டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லணும். மாத்திரை சாப்பிட்டாலும் அபாயம் முழுசாகப் போகாது. அதனால் டாக்டர் சொன்னால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்தே ஆகணும். மது கூடவே கூடாது.

"கீழாநெல்லி போதாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்த நோபல் விஞ்ஞானி புளும்பெர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து நம்பிக்கையான முடிவை வெளியிட்டார்கள். பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதை நம்பி மாத்திரையை விட்டுடாதீங்க.

தோழர்களே, இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பல வருஷம் ஆகிப்போச்சு. இன்னமும் நோயாளி முகத்தை மூடிக்கிட்டு மாத்திரை வாங்கப் போறார்னா, அது அவரோட குற்றமா, நம்ம குற்றமா? எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ ஒதுக்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, தெருவுக்கு வரணும்.

அரசிடம் நம் கோரிக்கை மூன்று. ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை, இல்லாதவருக்குத் தடுப்பூசி. இரண்டும் உள்ளவர்களுக்கு, மாத்திரை வாங்க வரும் அதே நாளில் அதே வளாகத்தில் ஸ்கேன். தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் ஹெபடைடிஸ் பி ஊசி. பிறக்கும்போது தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நம்ம வேலையும் இருக்கு. அடுத்த முகாமில் ரத்தம் கொடுத்தவருக்குப் போன் வந்தால், ரகசியத்தைக் காப்பாத்தி, கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் நில்லுங்க. சந்தேகம் இருந்தால் 1097-க்கு இலவசமாகப் பேசுங்க.

கொடி பிடித்த கை, நோயாளியின் கையையும் பிடிக்கட்டும்.

#கல்லீரல்காப்போம்