பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகள்



தஞ்சோங் மாலிமில் 1922-ஆம் ஆண்டு பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் நிறுவனம், 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கம்பாரிலும் பல்கலைக்கழகம் உண்டு. பேராக்கிலேயே வாயில் திறந்திருக்கிறது. வாயிலைத் தாண்டியபின் முதலாண்டில் தடுமாறும் பிள்ளையைப் பற்றியதே இவ்வுரை.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் இடைநிலைப்பள்ளி வழியே வரும் மாணவர் பலர், ஆசிரியர் தந்த குறிப்பை மனனம் செய்தே தேர்வுகளை வென்றவர்கள். விரிவுரையாளரோ பேசிக்கொண்டே செல்கிறார். ஒரு வரியை எழுதி நிமிர்வதற்குள் அடுத்த கருத்து கடந்துவிடுகிறது. எழுந்து கேட்கக் கூச்சம். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் கண்டவர் என்றால், வீட்டில் சொல்லவும் மனம் வராது. மதிப்பெண் வந்த பிறகே பெற்றோர் அறிகின்றனர்.

அறிவுக் குறைவன்று இது, பழக்கக் குறைவே. விரிவுரை கேட்ட அன்றிரவே, ஏட்டை மூடிவிட்டு, நினைவில் நின்றதைத் தம் சொற்களில் எழுதிப் பார்க்கவேண்டும். முதலில் தமிழில் எழுதினாலும் தவறில்லை. எழுத வராத இடமே மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்கவேண்டிய வினா.

மறதியை அளந்த ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுவதையும், இடைவெளி விட்டுப் பயின்றால் நிலைப்பதையும் 1885-இல் எழுதினார். நம் முன்னோரும் பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிப் பட்டைக்கு ஓய்வு தந்தவர்களே! தேர்வுக்கு முன்னிரவு விழித்திருப்போர் அந்தக் கணக்கை மறந்தவர்கள்.

விடுமுறையில் ஈப்போவுக்குத் திரும்பும் மூத்த மாணவர்கள், ஆலய மண்டபத்தில் புதியவர்களுடன் ஒரு மாலை அமரட்டும்; தாம் முதலாண்டில் எழுதிய ஏடுகளைப் பிழைகளோடு காட்டட்டும்.