முடிவெடுக்கும் கல்வி
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இட்ட வேலையைச் செய்து முடிப்பதில் நம் மக்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால், எந்த வேலையை, எவரைக் கொண்டு, எவ்வளவு செலவில் செய்வது என்று முடிவு செய்யும் இடம் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அம்முடிவெடுக்கும் கலையைத்தான் இன்று மேலாண்மைக் கல்வி என்கிறோம்.

1908-இல் தொடங்கப்பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளியின் முறையை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்திற்கு நேர்ந்த சிக்கலை முன்வைத்து, “நீங்கள் அதன் தலைவராயின் என்ன செய்வீர்கள்?” என்று ஆசிரியர் வினவுகிறார். பல நாட்டு மாணவர் நடுவே விடை கூறுதல் வேண்டும். மறுப்புக்கு மறுமொழி தருதல் வேண்டும். அவ்வாறு பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு உண்டு. கடைசி வரிசையில் வாய்பொத்தி அமரப் பழக்கப்பட்ட சமுதாயத்திற்கு இதுவன்றோ முதல் தடை?

அத்தடையைத் தாண்டிக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க் சென்றார். 1916 மே திங்களில் கொலம்பியாப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். தாயகம் திரும்பி, 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே பொதுப் பானையில் அவர் தண்ணீர் அருந்துவதை உடனாசிரியர் சிலர் எதிர்த்தனர். பங்கு வணிக ஆலோசனைத் தொழிலும் தொடங்கினார். அவர் பிறப்பை அறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர்.

ஆகவே, பட்டம் ஒன்றே காக்கும் என்று எண்ணவேண்டா. கடல் கடந்தால் சாதி கழன்றுவிடும் என்றும் எண்ணவேண்டா. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய நேர்ந்ததே அதற்குச் சான்று. தனியொருவரின் கல்விக்குப் பின்னால் கூட்டு வலிமையும் நிற்றல் வேண்டும். நம்மவர் தொழில்முனைவோர் 2005-இல் புனேயில் தமக்கென வணிகக் கூட்டமைப்பைக் கண்டதும் இதனாலேயே.

அயல்நாட்டு உயர்கல்விக்கு நடுவணரசு 1954-55 முதல் உதவித்தொகை வழங்கி வருகிறது. பணத்திற்கு வழியுண்டு, பேசும் துணிவுக்கு நாமே வழி காணவேண்டும். இளைஞர்களே, நம் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை கூடுங்கள். விடுதியின் உணவுச் செலவு ஏன் மிகுகிறது, கூட்டுறவுக் கடை ஏன் இழப்பில் நடக்கிறது என்று ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் வாதிடுங்கள். பெண்மக்கள் முதலில் பேசட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கழகத்தின் வரவு செலவு ஏட்டை இளைஞர் கையில் கொடுங்கள். தவறினால் திருத்துங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். முடிவெடுக்க இங்கே இடம் பெறாதவர், உலக அவையில் எங்ஙனம் எழுந்து நிற்பர்?

கற்கச் செல்பவர் ஒருவராயினும், கற்று வருவது அனைவர்க்கும் ஆகுக!