அச்சேறிய அறிவு அடுக்களை சேர்ந்த கதை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில், ஓய்வு பெற்ற மருந்தியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிவாசல் வளாகத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே என் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1975ஆம் ஆண்டு. நான் பள்ளி மாணவன். என் மூத்த ராத்தாவின் எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. குழந்தை தண்ணீருக்கு ஏங்கி அழுதது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும்தான் போகும், கொடுக்காதே" என்று எங்கள் உம்மம்மா தடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்பது பிள்ளைகளை வளர்த்த அனுபவம் அவர்களுக்கு அப்படித்தான் கற்பித்திருந்தது. தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். இரவில் அழுகை நின்றது. குணமாகிவிட்டது என்று நினைத்து நாங்கள் உறங்கிவிட்டோம். மறுநாள் லுஹருக்கு முன் குழந்தை மவுத்தாகிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய இதழைப் புரட்டியபோது என் கை நின்றது. அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய முறை 1973லேயே அச்சாகியிருந்தது. எங்கள் வீட்டு மவுத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு! உப்பும் சர்க்கரையும் எங்கள் அடுக்களையில் இருந்தன. செய்திதான் வந்து சேரவில்லை.

அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். 1934இல் இன்றைய பங்களாதேஷின் கிஷோர்கஞ்சில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றி, பிறகு தாயகம் திரும்பி, கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்தி வந்த ஆய்வு மையத்தில் சேர்ந்தார்.

1971இல் பங்களாதேஷ் விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தனர். மழைக்காலம், நெரிசலான முகாம்கள், அசுத்தமான குடிநீர். காலரா பரவிற்று. ஜூன் மாத இறுதியில் மகலனாபிஸ் எல்லையோரத்து போங்கான் நகருக்குச் சென்றார். அங்கிருந்த சிறிய மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். வாந்தியும் பேதியும் பரவிய தரையில் மண்டியிட்டுத்தான் ஒவ்வொருவருக்கும் நரம்பில் ஊசி குத்த வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அதை ஏற்றப் பயிற்சி பெற்றவர்களோ அவருடைய குழுவில் இருவர் மட்டுமே. இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை இரண்டே நாட்களில் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார்.

அப்போது அவர் எடுத்த முடிவுதான் நம் பேச்சின் மையம். அதன் அருமை விளங்க வேண்டுமானால் சற்று விஞ்ஞானமும் தெரிய வேண்டும்.

காலராக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளுகிறது. வெறும் தண்ணீர் குடித்தாலும், வெறும் உப்பு நீர் குடித்தாலும் பெரும்பகுதி உள்ளே தங்குவதில்லை. ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்து நுழைகின்ற தனி வாயில் ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது நீரும் உடன் செல்லும். இந்த இணைப்பை ராபர்ட் கிரேன் என்பவர் 1960இல் விளக்கினார். காலரா நஞ்சு அந்த வாயிலை மட்டும் சேதப்படுத்துவதில்லை என்பதே இறைவனின் கருணை.

1953லேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, அதை 'லான்செட்' இதழில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழு இல்லாததால் அறிவுலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்னர் 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும், ரஃபீகுல் இஸ்லாம் உள்ளிட்ட அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 29 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை 80 விழுக்காடு குறைகிறது என்று அதே 'லான்செட்'டில் வெளியிட்டார்கள். கல்கத்தாவிலும் அவ்வகை ஆய்வுகள் நடந்தன. ஆனால் அவையெல்லாம் மருத்துவமனைக்குள், வல்லுநர் கண்காணிப்பில், அளந்து அளந்து செய்யப்பட்டவை. பாமரர் கையில் இதைக் கொடுப்பதா? பெரும்பாலான மருத்துவர்கள் அஞ்சினர். அச்சத்தில் நியாயமும் இருந்தது. 1962இல் மணிலாவில் செறிவு மிகுந்த கரைசல் கொடுக்கப்பட்ட சோதனையில் நோயாளிகள் சிலர் உயிரிழந்திருந்தார்கள்.

மகலனாபிஸ் அந்தப் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இவ்வளவே மருந்து. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் வரிசையாக உட்கார்ந்து எடை போட்டு, பாலிதீன் உறைகளிலிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா! முகாமில் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் தமக்கையும் குவளையில் மொண்டு நோயாளிக்குப் புகட்டினார்கள். சலைன் என்றால் உயர்ந்த சிகிச்சை என்று மக்கள் நம்பியிருந்ததால் இதற்கும் 'வாய்வழி சலைன்' என்றே பெயர் வைத்தாராம். மனிதர் மருந்தை மட்டுமல்ல, மக்களையும் அறிந்து வைத்திருந்தார்.

முன்னர் முகாம்களில் காலரா கண்டவர்களில் 30 விழுக்காடு வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் பொறுப்பில் சிகிச்சை பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த திமன் பருவா முகாமை நேரில் கண்டு, இம்முறையின் உறுதியான ஆதரவாளரானார். கரைசல் செய்யும் விதம் பங்களாதேஷின் இரகசிய வானொலியிலும் ஒலிபரப்பானது.

இந்த அனுபவம்தான் 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் கட்டுரையாயிற்று. நோயாளியின் குடும்பத்தாரே இதைக் கொடுக்க முடியும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய கட்டுரை அது. உடனே உலகம் ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. 1978இல்தான் 'லான்செட்' தன் தலையங்கத்தில், குளுக்கோஸும் சோடியமும் குடலில் இணைந்து செல்வதைக் கண்டறிந்தது அந்த நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்க் கட்டுப்பாட்டுக்குத் தனித் திட்டம் தொடங்கியது. மகலனாபிஸும் அந்நிறுவனத்திற்காக ஆப்கானிஸ்தான், எகிப்து, யமன் ஆகிய நாடுகளில் பணியாற்றினார். பின்னர் டாக்காவிலுள்ள பன்னாட்டு ஆய்வு மையத்தில் பொறுப்பேற்றார்.

ஒரு கட்டுரையின் செல்வாக்கை, எத்தனை பேர் அதைத் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்வது கல்லூரி வழக்கம். நானும் அப்படி எண்ணியவன்தான். இந்தக் கட்டுரைக்கு அந்தத் தராசு போதாது. பங்களாதேஷில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான தாய்மார்களுக்கு மூவிரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் நீரில் கரைக்கக் கற்றுக்கொடுத்தது. சொன்னதில் எவ்வளவு தாய்மார்களின் நினைவில் நின்றது என்பதைப் பிறகு சோதித்து, அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம் கொடுத்தார்கள். தாய்மார்கள் நன்றாக ஒப்பித்தார்கள். ஆனால் பிள்ளைக்குப் பேதியானபோது கொடுத்தவர்கள் மிகச் சிலரே! ஏன் என்று ஆராய்ந்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கையில்லை. தமக்கு நோய் வந்தால் வேறு மருந்தை நாடினார்கள். வீட்டு ஆண்களிடமோ யாரும் பேசவேயில்லை. பின்னர் அந்தக் குறை திருத்தப்பட்டது. கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசிய பிறகே பழக்கம் வேரூன்றியது. நிர்வாகக் குழுவினர் இதைச் சற்றுக் குறித்துக்கொள்ளலாம்.

1980களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுக்கு சுமார் 46 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். அண்மைய மதிப்பீடு சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம். நல்ல குடிநீர், கழிப்பறை, ரோட்டா தடுப்பூசி ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கரைசலின் பங்கு பெரிது. இத்தனைக்குப் பிறகும் இந்திய அரசின் பத்ம விபூஷண் அவருக்கு அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். அவரோ 2022 அக்டோபரிலேயே மறைந்துவிட்டார்.

கதை பழையது என்று எண்ணிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. எஞ்சிய நால்வருக்கு ஏன் கிடைக்கவில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்போரிடம் நடத்திய ஆய்வு 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மருந்து இருப்பில் இல்லாததும், வேறு மருந்தில் கிடைக்கும் இலாபமும் சிறு காரணங்களே. 'நோயாளிகள் இதை விரும்பமாட்டார்கள்' என்று மருத்துவம் பார்ப்பவர் எண்ணிக்கொள்வதே, எழுதிக் கொடுக்காததில் 42 விழுக்காட்டுக்குக் காரணமாக இருந்தது. நாம் ஊசியும் டிரிப்ஸும் கேட்போம் என்று அவர் நினைக்கிறார். அவர் கொடுக்காததால் இது உயர்ந்த மருந்தல்ல என்று நாம் நினைக்கிறோம். அடுத்த முறை நீங்களே வாய் திறந்து, "ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

கடையில் வாங்கும்போதும் கவனம் தேவை. பழரசப் பானங்கள் சில 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி மருந்துக்கடைகளிலேயே விற்கப்பட்டன. சர்க்கரை பல மடங்கு மிகுந்த அத்தகைய பானம் பேதியைக் கூட்டக்கூடியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத எதற்கும் அப்பெயரை இடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எனவே உறையில் அந்த அளவு அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

உறையில் எத்தனை நீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நீரில், முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைப்பது வேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்ற பின்னும் சொன்ன நாள்வரை கொடுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நிலையில் நரம்பில் ஏற்ற வேண்டியிருக்கலாம்.

ஜமாஅத் அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு பொட்டலம் வீதம், ஒரு லிட்டர் அளவு குறித்த போத்தலும் வைத்திருக்கிறார்கள். கரைப்பதை நான் அங்கே செய்து காட்டுகிறேன். உம்மம்மாக்களையும் அழைத்து வாருங்கள். வஸ்ஸலாம்.