ஹாக்கத்தான் டி-ஷர்ட்டும் ஒரு கத்தரிக்கோலும்

இன்னைக்கு எபிசோட் அப்சைக்ளிங் பத்தி. தையல் தெரியாது, டிரில் மெஷின் கிடையாது, இருக்கிறது வாடகை வீடு. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது.

முதல்ல அந்த வார்த்தை. 1994ல ரைனர் பில்ஸ்ங்கற ஜெர்மன்காரர் ஒரு பேட்டியில இதைப் பயன்படுத்தினார். பழைய செங்கல்லை நொறுக்கி ஜல்லியாக்கறதை ரீசைக்ளிங்னு சொல்றாங்க, ஆனா அதுல செங்கல்லோட மதிப்பு குறையுது. பழைய பொருளுக்கு மதிப்பு கூடணும்ங்கறது அவரோட வாதம். நம்ம வீடுகள்ல இது பேரே இல்லாம நடந்துட்டு இருக்கு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல துவரம்பருப்பு, அம்மாவோட காட்டன் புடவையில குழந்தைக்குத் தூளி.

இப்ப ரீல்ஸ்ல வர்ற அப்சைக்ளிங்கைப் பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டிலை அலங்கரிக்க குளூ கன், அக்ரிலிக் பெயிண்ட், கிளிட்டர்னு புதுசா நாலு பொருள் வாங்கறோம். கொஞ்ச நாள் ஷெல்ஃப்ல இருக்கும். தூசி படியும். அப்புறம் குப்பை. சும்மா கழுவி பழைய பேப்பர் கடையில போட்டிருந்தா அந்தக் கண்ணாடி மறுபடி உருகி பாட்டிலாகியிருக்கும். பெயிண்டும் பசையும் ஒட்டினதை அவர் எடுக்கறதே சந்தேகம். மதிப்பைக் கூட்டறோம்னு நினைச்சு குறைச்சிட்டோம்.

அதனால என்னோட ரூல் ஒண்ணுதான். கையில இருக்கிற பழைய பொருளைப் பார்த்து "இதை வச்சு என்ன செய்யலாம்"னு கேட்காதீங்க. "இந்த மாசம் என்ன வாங்கப் போறேன்"னு கேளுங்க. நம்ம பாஷையில சொன்னா, ரெக்கொயர்மென்ட் முதல்ல, கோட் அப்புறம்.

உதாரணத்துக்குப் பை. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் வந்தாச்சு. இருந்தும் கடைக்குப் போனா கையில பை இருக்காது. அதே சமயம் பீரோவுல ஹாக்கத்தான், மாரத்தான், ஆபீஸ் ஆண்டு விழான்னு டி-ஷர்ட் அடுக்கி இருக்கும்!

நல்ல காட்டன் டி-ஷர்ட்டா ஒண்ணு எடுங்க. உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி தரையில விரிங்க. ரெண்டு கைகளையும் வெட்டி எடுங்க. கழுத்தை அகலமா வெட்டுங்க. மிச்சம் இருக்கிற தோள் பட்டைகள்தான் கைப்பிடி.

அடுத்து கீழ் மடிப்பை வெட்டிடுங்க. முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிச்சு, அடியில இருந்து மேல 3 அங்குல உயரத்துக்கு, அங்குலத்துக்கு ஒரு வெட்டு. நாடா நாடாவா வரும். முன் நாடாவை அதுக்கு நேர் பின்னாடி இருக்கிற நாடாவோட இறுக்கி ரெண்டு முடிச்சு போடுங்க. முடிச்சுகளுக்கு நடுவுல ஓட்டை தெரியும். ஒரு முடிச்சோட நாடாவைப் பக்கத்து முடிச்சோட நாடாவில கட்டினா அதுவும் அடைஞ்சிடும். இப்போ திருப்பினா முடிச்செல்லாம் உள்ளே போயிடும். அவ்ளோதான், பை ரெடி.

பனியன் துணிங்கறதால வெட்டின ஓரம் பிரியாது, தைக்க வேண்டாம். ஆனா இழுபடும். காய்கறிக்கு ஓகே, அரிசி மூட்டைக்கு வேண்டாம்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. பூச்சிமருந்து டப்பா, ஆசிட் பாட்டில், பெயிண்ட் வாளி இதுல எதையும் சமையலறைக்கோ கீரை வளர்க்கவோ எடுக்காதீங்க. உப்பின பேட்டரி, உடைஞ்ச டியூப் லைட் பக்கமும் போகாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டி-ஷர்ட் மட்டும் வெட்டுங்க. பைக்கை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதை சீட்டுக்கு அடியில போட்டு வைங்க. ஒரு மாசம் கழிச்சும் அது காய்கறிக் கடைக்குப் போய்ட்டு வந்துட்டு இருந்தா, நீங்க செஞ்சது நிஜமாவே அப்சைக்ளிங்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.