குளிர்ப்பெட்டிக் கதவின் இறப்பர்

வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டி குறை காட்டத் தொடங்கினால், முதலிற் குற்றஞ் சாட்டப்படுவது அதன் இயந்திரமே. பால் திரைந்துவிட்டது, நேற்றைய கறி புளித்துவிட்டது, மோட்டார் ஓயாது இரைகின்றது. ஆகவே, காஸ் போய்விட்டது போலும் என்று வீட்டார் முடிவுகட்டித் திருத்துபவரை அழைத்துவிடுவர். ஆனால், பல வேளைகளிற் குற்றம் இயந்திரத்தினுடையதன்று. கதவின் நான்கு ஓரங்களையும் சுற்றி ஓடும் மெல்லிய இறப்பர்ப் பட்டியினுடையது.

இறப்பர் என்பது வழக்கிலுள்ள பெயரேயாம். இக்காலப் பெட்டிகளில் அது பெரும்பாலும் வளையத்தக்க பிளாஸ்ரிக்கினாற் செய்யப்பட்டது. அதனுள்ளே காந்த நாடா ஒன்று ஓடுகின்றது. கதவைச் சாத்தியதும் இறுதியில் மெல்ல இழுத்து அணைப்பது அந்த நாடாவே. முற்காலப் பெட்டிகளுக்கு வெளிப்புறத்தே கொளுவி இருந்தது. கைவிடப்பட்ட பெட்டிகளுள் விளையாட்டாய்ப் புகுந்த சிறுவர்கள் வெளிவர இயலாது மூச்சடைத்து மாண்ட கொடுமைகள் அமெரிக்காவில் நேர்ந்தமையால், கதவு உள்ளிருந்தும் திறக்கத்தக்கதாய் அமைதல் வேண்டுமென 1956ஆம் ஆண்டில் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. காந்தப் பட்டி பரவியதற்கு அச்சட்டமும் ஒரு காரணம்.

பட்டி தளர்ந்தால் நுழைவது வெப்பம் மட்டுமன்று, ஈரமும் நுழைகின்றது. ஈரம் நிறைந்த 30 பாகை செல்சியஸ் காற்றில், ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி அடங்கும். அதே காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால், 7 கிராமுக்கு மேல் அதனால் தாங்க இயலாது. எஞ்சிய நீர் எங்கே போகும்? உறைபனியாய்க் குளிர்க்குழாய்களிற் படியும். உறைபனி வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், மோட்டார் மேலும் நெடுநேரம் ஓடும்; மின்கட்டணமும் ஏறும். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பணச் செலவிலும் பெரிய தீங்கு வேறுண்டு. நீரிழிவு நோயாளர் உள்ள வீட்டிலே, திறக்கப்படாத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்கப்படல் வேண்டும். குளிர் போதவில்லையென்று திருகியை மேலும் மேலும் கூட்டிவிட்டால், கதவருகே வெப்பம் குறையாதிருக்க, உறைநிலைப் பகுதியை அடுத்த இடத்தில் மருந்து உறைந்துபோதலும் கூடும். உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. மின்வெட்டுக் காலத்தின் கதையும் இதுவே. திறவாது மூடிவைத்த நல்ல பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பட்டி பழுதானது அதுவரை தாங்காது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது எந்தப் பெட்டியும் முழுமையாய்க் காத்திருக்க இயலாதுதான். எனினும், முதலிற் கெட்டவை கதவு சரியாய் மூடாத பெட்டிகளில் இருந்தவையே ஆகும்.

பழுதை அறிவது எங்ஙனம்? கதவோரத்தில் நீர்த்துளி அரும்புதல், பட்டியின் மடிப்பிற் கரும்பூஞ்சணம் பிடித்தல், உறைபனி ஒரு மூலையில் மட்டும் தடித்தல் ஆகியவை அறிகுறிகள். கதவின் சட்டம் சற்றுச் சூடாயிருப்பதை மட்டும் கண்டு அஞ்சவேண்டாம். வியர்வை கட்டாதிருக்கச் சில பெட்டிகளில் அவ்விடத்தே சூடான குழாய் ஓடுகின்றது.

ஐயம் தீர ஒரு பணத்தாள் போதும். தாளின் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கக் கதவைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். கைக்குத் தடை தோன்றினால் அவ்விடம் நன்று. தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடம் பழுது. ஓரிடத்திற் பார்த்து நிறுத்திவிடலாகாது. பிணைச்சற் பக்கத்தையும் கீழ்மூலைகளையும் பலர் மறந்துவிடுகின்றனர். இரவில் விளக்குகளை அணைத்து, எரியும் டோர்ச் விளக்கொன்றைக் கதவை நோக்கி உள்ளே வைத்துச் சாத்தினால், ஒளிக்கீற்றே வெடிப்பின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தாள் வழுக்கியதும் கடைக்கு ஓடவேண்டியதில்லை. மாம்பழச் சாறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து ஒட்டாதிருக்கும் பட்டி, இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் துடைத்ததும் குணமாதல் உண்டு. நெளிந்த இடத்தைச் சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தலாம். போத்தல்களின் பாரத்தாற் கதவே தாழ்ந்திருந்தால், பிணைச்சலைச் சீர்செய்யாது புதுப் பட்டி போடுவது வீண். பெட்டியின் முன்கால்களைச் சிறிது உயர்த்திவைத்தால், கதவு தானே சாத்திக்கொள்ளும்.

பட்டி விறைத்துப்போயிருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, காந்தம் பிடியாதிருந்தாலோ, மாற்றுவதே வழி. பெட்டியின் மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு போதல் அவசியம். ஏறக்குறைய ஒத்த அளவு என்பது இங்கே செல்லாது. மடித்து வந்த புதுப் பட்டியை வெந்நீரிற் சிறிது நேரம் இட்டால் மடிப்பு நீங்கும். சிலவற்றில் அது பள்ளத்தினுள் அழுத்தப்படுவது; பழைய பெட்டிகளில் திருகாணிகளாற் பிடிக்கப்படுவது. திருகாணி உள்ளதாயின் முதலில் மூலைகளைப் பொருத்தி, எல்லா ஆணிகளையும் பாதியளவே முறுக்கி, கதவைச் சாத்திப் பார்த்த பின்னரே முழுவதும் இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முன்னதாக இறுக்கினாற் கதவு முறுகிவிடும். மறுநாள் மீண்டும் அந்தப் பணத்தாளை எடுத்துக்கொண்டு நான்கு ஓரங்களிலும் சோதித்துப் பார்க்கலாம்.